பழைய மேஸி எஞ்சின்ல ஒரு சிலிண்டர் மட்டும் கம்ப்ரஷன் கம்மி: கேஜ் வச்சுப் பாக்கறதா, காத்து விட்டுப் பாக்கறதா, நேரா ஹெட்டைக் கழட்டறதா?

மூணு சிலிண்டர் டிராக்டர்ல ஒரு சிலிண்டர் வீக் ஆனாலும், அதாவது அதுல கம்ப்ரஷன் (பிஸ்டன் காத்தை அமுக்கற அழுத்தம்) கம்மியானாலும், வண்டி ஓடத்தான் செய்யும், அதனாலதான் நாம தள்ளிப் போட்டுக்கிட்டே போறோம். காலைல செல்ஃப் அடிச்சா எஞ்சின் ஒரே சீரா சுத்தாது, ரெண்டு தடவ கனமா இழுத்து மூணாவது தடவ வழுக்கிட்டு ஓடும். ஸ்டார்ட் ஆனதும் கண்ணை எரிக்கிற வெள்ளைப் புகை, ஐடிலிங்ல பானெட் உதறும், சூடேறினதும் பாதி சரியாயிடும். அப்பறம் சேறு அடிக்க இறக்கும்போதோ கரும்பு லோடு ஏத்தும்போதோதான் இழுவை இல்லன்னு தெரியும், பட்டறைக்குக் கொண்டு போவோம், அங்க சத்தத்தை மட்டும் கேட்டுட்டு "எஞ்சின் வேலை பாத்துடலாம்ணே, லைனர் பிஸ்டன் எல்லாம் மாத்திடலாம்"னு ஒரு வார்த்தை வரும், லைனர்னா பிஸ்டன் உள்ள ஓடற குழாய். சில வண்டிக்கு அது உண்மைலயே தேவை. ஆனா டாப்பெட் (வால்வுக்கும் அதை அமுக்கற ராக்கருக்கும் நடுவுல இருக்கிற கேப்) சரியா வச்சாலே சரியாகியிருக்க வேண்டிய வண்டி, நாசில் (சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சறது) வாஷர் மாத்தினா போதும்னு இருந்த வண்டி எல்லாம்கூட அதே முடிவுக்குப் போயிடுது, அதுல போறது விவசாயியோட ஒரு போக வருமானம். அதனால எஞ்சினைத் திறக்கறதுக்கு முன்னாடி என்னென்ன டெஸ்ட் இருக்கு, ஒவ்வொண்ணும் எதைச் சொல்லும் எதைச் சொல்லாது, அதை வச்சு எந்த வேலையை முடிவு பண்ணலாம்னு விலாவாரியா எழுதறேன்.

நான் இங்க மனசுல வச்சுப் பேசறது நம்ம ஊர்ல அதிகமா இருக்கிற பழைய மேஸி ஃபெர்குசன் வண்டிங்கள்ல வர்ற சிம்சன் மூணு சிலிண்டர் டீசல் எஞ்சின். சென்னை செம்பியத்துல சிம்சன் செஞ்ச இந்த எஞ்சினுக்கு மூலம் இங்கிலாந்து பெர்கின்ஸ் டிசைன், அங்க மேஸி 135ல வந்த ஏடி3.152 எஞ்சின் இதோட உறவுக்காரன். அந்த எஞ்சினோட போர் (சிலிண்டர் விட்டம்) 91.44 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடற தூரம்) 127 மிமீ, மொத்தம் 2.5 லிட்டர், டைரக்ட் இன்ஜெக்ஷன், அதாவது டீசல் நேரா சிலிண்டருக்குள்ளயே பீச்சும், பிஸ்டன் தலைலயே குழி இருக்கும். கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது உள்ள போன காத்தை எத்தனைல ஒரு பங்கா அமுக்குதுங்கற கணக்கு, சுமார் 18.5க்கு 1. உங்க வண்டி வேற மாடலா இருந்தா நம்பர் கொஞ்சம் மாறும், ஆனா சொல்ற விஷயம் எந்தப் பழைய டைரக்ட் இன்ஜெக்ஷன் டீசலுக்கும் பொருந்தும்.

முதல்ல ஒண்ணைப் பிரிச்சுக்கணும். மூணு சிலிண்டரும் சேந்து ஒரே அளவுக்குக் கம்மியா இருந்தா அது வேற கதை, ஒண்ணு மட்டும் கம்மியா இருந்தா வேற கதை. மூணும் கம்மின்னா எஞ்சின் வயசாகி சமமா தேஞ்சிருக்கும், இல்ல பேட்டரி வீக்கா இருந்து செல்ஃப் மெதுவா சுத்தியிருக்கும், இல்ல ஏர் கிளீனர் அடைச்சிருக்கும். ஒண்ணு மட்டும் கம்மின்னா அந்த சிலிண்டர்ல தனியா ஏதோ நடந்திருக்குன்னு அர்த்தம்: வால்வு சீட்ல உக்காரல, பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங் உடைஞ்சிருக்கு இல்ல கரி பிடிச்சு ஒட்டிக்கிச்சு, ஹெட் கேஸ்கட் (எஞ்சின் மேல் பாகமான ஹெட்டுக்கும் சிலிண்டர் இருக்கிற பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற தகடு) போயிருக்கு, ஹெட் விரிசல் விட்டிருக்கு, கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கு. பக்கத்து பக்கத்துல இருக்கிற ரெண்டு சிலிண்டர் ஒண்ணா கம்மியானா, அதாவது 1ம் 2ம், இல்ல 2ம் 3ம், அப்ப நடுவுல கேஸ்கட் போயிருக்கும்னு முதல் சந்தேகம் வைக்கலாம். இந்தக் காரணங்கள்ல பாதிக்கு ஹெட்டை மட்டும் இறக்கினா போதும், மீதிக்கு கீழ வரைக்கும் போகணும். நம்ம டெஸ்ட் எல்லாமே கடைசில இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் தேடுது, மேல் வேலையா கீழ் வேலையான்னு.

எந்தக் கருவியும் வாங்கறதுக்கு முன்னாடி டாப்பெட் பாருங்க. இந்த பெர்கின்ஸ் குடும்பத்துக்கு குளிர்ந்த எஞ்சின்ல 0.30 மிமீ, சூட்டுல 0.25 மிமீ. ஃபீலர் கேஜ் இருந்தா ஒரு மணி நேர வேலை. வால்வு வருஷக்கணக்கா சீட்டை அடிச்சு அடிச்சு உள்ள இறங்கும், அப்படி இறங்கும்போது கேப் குறைஞ்சுக்கிட்டே வரும், ஒரு கட்டத்துல கேப்பே இல்லாம வால்வு முழுசா மூடாம ஒரு நூல் அளவுக்குத் திறந்தே நிக்கும், அந்த சிலிண்டர் கம்ப்ரஷன் படுத்துடும். டாப்பெட் டைட்டா இருந்தா டாப்பெட் சத்தம் வராது, அதனால யாருக்கும் அது மேல சந்தேகமே வராது. ஆனா ரொம்ப நாள் அப்படி ஓடின எக்ஸாஸ்ட் வால்வு ஓரம் கருகியிருக்கும், கேப் வச்சாலும் முழுசா தேறாது. புதுசா ஆன கேஸ்னா டாப்பெட் வச்சதும் எஞ்சின் உதறல் நின்னுடும், அதோட வேலை முடிஞ்சுது.

அடுத்து நாசிலைச் சுத்திப் பாருங்க. நாசில் உக்கார்ற இடத்துல ஒரு செம்பு வாஷர் இருக்கும், அது லீக் ஆனா நாசிலைச் சுத்தி கருப்பா தார் மாதிரி படிஞ்சிருக்கும், ஐடிலிங்ல சுக் சுக்குன்னு மெல்லிசா சத்தம் வரும், சோப்புத் தண்ணி ஊத்தினா குமிழி அடிக்கும். இதை ஏன் முன்னாடியே சொல்றேன்னா, இந்த எஞ்சின்ல கம்ப்ரஷன் கேஜ் மாட்டறதே நாசிலைக் கழட்டிட்டு அந்த ஓட்டைலதான். அப்ப லீக் ஆன பழைய வாஷர் வெளிய வந்துடும், அடாப்டருக்குப் புது வாஷர் போடுவீங்க, ரீடிங் நல்லா வரும், திரும்ப நாசிலை பழைய வாஷரோட மாட்டினா பழையபடி மிஸ்ஸிங். கேஜ் நல்லா காட்டுதே வண்டி ஏன் உதறுதுன்னு மண்டையைப் பிச்சுக்கிற கேஸ்ல பாதி இதுதான்.

இதெல்லாம் பாத்தும் உதறல் நிக்கலன்னா டெஸ்டுக்குப் போகலாம். எல்லா மெக்கானிக்கும் முதல்ல செய்யறது நாசில் பைப் லூஸ் பண்ணிப் பாக்கறது. ஐடிலிங்ல ஓட விட்டு ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் ஒரு அரைச் சுத்து லூஸ் பண்ணா அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. நல்ல சிலிண்டரா இருந்தா எஞ்சின் சத்தம் உடனே இறங்கும், ஏற்கனவே வேலை செய்யாத சிலிண்டரா இருந்தா ஒரு மாத்தமும் இருக்காது. செலவு இல்ல, ஸ்பேனர் ஒண்ணு போதும், அஞ்சு நிமிஷத்துல எந்த சிலிண்டர்னு தெரிஞ்சுடும். ஆனா அது மட்டும்தான் தெரியும். டீசல் சரியா வராம அந்த சிலிண்டர் படுத்திருக்கா, கம்ப்ரஷன் இல்லாம படுத்திருக்கான்னு இது சொல்லாது. அதுக்கு அடுத்த படி, அந்த நாசிலைக் கழட்டி பக்கத்து சிலிண்டர் நாசிலோட மாத்திப் போடணும். குறை நாசிலோட கூடவே போச்சுன்னா நாசில்தான் கோளாறு, கேலிப்ரேஷன் கடைக்குக் கொடுத்தா போதும். குறை அதே சிலிண்டர்லயே நின்னா அந்த லைனுக்கு பம்புல இருந்து டீசல் ஒழுங்கா வருதான்னு ஒரு தடவ பாத்துட்டு அப்பறம் கம்ப்ரஷன் பக்கம் போங்க. பைப் லூஸ் பண்ணும்போது கை விஷயத்துல கவனம், நாசில் பிரஷர்ல பீச்சுற டீசல் தோலுக்குள்ளயே ஏறிடும், பாக்க ஊசி குத்தின மாதிரி சின்னதா இருக்கும், ஆனா உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது. நட்டை முழுசா கழட்டாதீங்க, கையை வச்சு மூடிப் பாக்காதீங்க.

இனி கேஜ். டீசலுக்குன்னு தனி கேஜ் வேணும், 1000 பிஎஸ்ஐ வரைக்கும் காட்டறது. பைக் கார் பெட்ரோல் எஞ்சினுக்கு விக்கிற 300 பிஎஸ்ஐ கேஜை இதுல மாட்டினா முள்ளு கடைசில போய் முட்டிக்கும், கேஜ் வெடிக்கவும் வாய்ப்பு இருக்கு. டெஸ்ட் பண்ற முறை எளிமைதான், ஆனா சோம்பேறித்தனம் பண்ணா நம்பர் பொய் சொல்லும். எஞ்சினை சூடாக்கிக்கணும், பேட்டரி ஃபுல் சார்ஜ்ல இருக்கணும், ஸ்டாப் கேபிளை இழுத்து வச்சு டீசலை நிறுத்திடணும், மூணு நாசிலையும் கழட்டிடறது நல்லது, அப்பதான் செல்ஃப் ஒரே வேகத்துல சுத்தும். அப்பறம் ஒவ்வொரு சிலிண்டர்லயும் கேஜை மாட்டி முள்ளு மேல ஏறறது நிக்கிற வரைக்கும் செல்ஃப் அடிக்கணும், மூணுக்கும் ஒரே அளவு நேரம். நல்ல எஞ்சின்னா 350லேருந்து 450 பிஎஸ்ஐ பக்கம் வரும், ஆனா அந்த மொத்த நம்பரை விட மூணுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் முக்கியம். பெர்கின்ஸ் எஞ்சின்களுக்கு அந்த வித்தியாசம் 50 பிஎஸ்ஐக்கு மேல போகக் கூடாதுங்கறது கணக்கு. 360, 350, 340னு வந்தா வயசான எஞ்சின், ஆனா சமமா இருக்கு, இன்னும் ஓட்டலாம். 400, 390, 270னு வந்தா அந்த மூணாவதைத் தேடிப் போகணும்.

கேஜ்ல நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு, முள்ளு எப்படி ஏறுதுங்கறது. கடைசி நம்பரை மட்டும் எழுதிக்காதீங்க, முதல் அடில, அதாவது பிஸ்டன் முதல் தடவ மேல வந்து அமுக்கும்போது, எங்க போய் நிக்குதுன்னும் பாருங்க. முதல் அடி கம்மியா இருந்து ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏறி கடைசில ஓரளவுக்கு வந்துடுச்சுன்னா ரிங் பக்கம் சந்தேகம். முதல் அடியும் கம்மி, அப்பறம் ஏறவும் மாட்டேங்குது, பாதிலயே நிக்குதுன்னா வால்வு இல்ல கேஸ்கட். இது நூத்துக்கு நூறு நிச்சயம் கிடையாது, ஆனா போனை ஸ்டாண்ட்ல வச்சு கேஜ் முள்ளை வீடியோ எடுத்து மூணு சிலிண்டரையும் திரும்பப் போட்டுப் பாத்தா அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், நான் யார் கேட்டாலும் சொல்றது இதைத்தான்.

இப்ப ஒரு டெஸ்டைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா யூடியூப்ல பாத்துட்டு நிறைய பேர் செய்யறாங்க: எண்ணெய் ஊத்திப் பாக்கறது. நாசில் ஓட்டை வழியா கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊத்தி மறுபடி கேஜ் போட்டா, நம்பர் ஏறினா ரிங் தேய்மானம், ஏறலன்னா வால்வுன்னு சொல்லுவாங்க. பெட்ரோல் எஞ்சினுக்கு இது நல்ல டெஸ்ட்தான். இந்த டீசலுக்கு இது தப்பான பதிலைத்தான் கொடுக்கும். கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு சிலிண்டர் 834 சிசி, ரேஷியோ 18.5னா பிஸ்டன் மேல வரும்போது மிச்சம் இருக்கிற இடம் வெறும் 48 சிசி. அதுல 10 சிசி எண்ணெயை ஊத்தினா மிச்சம் 38 சிசி, ரேஷியோ 23ஐத் தாண்டிடும். ரிங் ஒரு துளிகூட சீல் ஆகாமலே கேஜ் நம்பர் எகிறும், நீங்க ரிங் போச்சுன்னு முடிவு பண்ணுவீங்க. அதுவும் இல்லாம இந்தப் பிஸ்டன் தலைல குழி இருக்குன்னு சொன்னேன்ல, ஊத்தின எண்ணெய்ல நிறைய அந்தக் குழிக்குள்ளதான் போய் தேங்கும், ரிங் வரைக்கும் போறதே கொஞ்சம்தான். கை தவறி நிறைய ஊத்திட்டா இன்னும் மோசம், எண்ணெய் அமுங்காது, பிஸ்டன் மேல வந்து முட்டி ராடு வளையும், இருக்கிற ஒரு கோளாறு ரெண்டாயிடும். அதனால டைரக்ட் இன்ஜெக்ஷன் டீசல்ல எண்ணெய் டெஸ்ட் வேண்டாம்னு நான் அடிச்சே சொல்லுவேன், அதை விட நல்ல வழி இருக்கும்போது எதுக்கு அது.

அந்த நல்ல வழி காத்து டெஸ்ட். சிலிண்டர்ல பிஸ்டனை மேல நிறுத்தி ரெண்டு வால்வும் மூடின நிலைல வச்சு, நாசில் ஓட்டை வழியா கம்ப்ரஸர் காத்தை விட்டு, அது எங்க ஓடிப் போகுதுன்னு காதால கேக்கறது. பஞ்சர் கடை கம்ப்ரஸர் போதும், 100 பிஎஸ்ஐ கிடைச்சா தாராளம். அடாப்டருக்கு ஒரு வீணாப்போன நாசில் பாடியை எடுத்து உள்ள இருக்கிறதை எல்லாம் எடுத்துட்டு லேத்துல ஓட்டை போட்டு மேல ஏர் ஹோஸ் நிப்பிள் வச்சு பற்ற வச்சா அதே ஹெட்ல கச்சிதமா உக்காரும், லேத் பட்டறைல சொன்னா செஞ்சு கொடுத்துடுவாங்க.

காத்தை விட்டதும் நாலு இடத்துல காது வைக்கணும். ஒரு ரெண்டு அடி ரப்பர் டியூப் எடுத்துக்கோங்க, ஒரு முனை காதுல, இன்னொரு முனை ஒவ்வொரு இடத்துலயும். ஏர் கிளீனர் ஹோஸைக் கழட்டி அந்த வாய்ல உஸ்ஸுன்னு கேட்டா இன்லெட் வால்வு. சைலன்சர் முனைல கேட்டா எக்ஸாஸ்ட் வால்வு. எண்ணெய் ஊத்தற மூடியைத் திறந்தா அங்க கேட்டா ரிங், லைனர், பிஸ்டன் பக்கம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணியைப் பாத்தா குமிழி வந்தா கேஸ்கட் இல்ல ஹெட் விரிசல். அதோட பக்கத்து சிலிண்டர் நாசில் ஓட்டை வழியா காத்து வந்தா ரெண்டுக்கும் நடுவுல கேஸ்கட் போயிருக்குன்னு சந்தேகமே வேண்டாம். எண்ணெய் மூடில கொஞ்சம் சத்தம் எந்தப் பழைய எஞ்சின்லயும் வரும், ரிங் கேப் வழியா காத்து போகத்தான் செய்யும், அதைக் கேட்டு பயப்பட வேண்டாம், மூணு சிலிண்டரையும் ஒண்ணுக்கொண்ணு ஒப்பிட்டுத்தான் முடிவு பண்ணணும். சைலன்சர்லயோ இன்லெட்லயோ ரேடியேட்டர்லயோ வந்தா மட்டும் கொஞ்சமா வந்தாலும் அது கோளாறுதான். லீக் எத்தனை சதவீதம்னு காட்டற ரெண்டு கேஜ் செட்டும் கடைல கிடைக்கும், இருந்தா நல்லது, இல்லன்னாலும் காதே போதும்.

இதுல ஒரு ஆபத்து இருக்கு, அதை லேசா எடுத்துக்காதீங்க. 91 மிமீ பிஸ்டன் மேல 100 பிஎஸ்ஐ காத்து விட்டா கிட்டத்தட்ட 460 கிலோ பாரம். பிஸ்டன் சரியா உச்சில இல்லாம கொஞ்சம் தள்ளி இருந்தா எஞ்சின் சடார்னு சுத்தும், கிராங்க் புல்லி நட்டுல ஸ்பேனரை விட்டு வச்சிருந்தா அது பறக்கும், ஃபேன்ல கை இருந்தா கை போகும். பிரேக் பூட்டி, டாப் கியர்ல போட்டு, வீலுக்குக் கட்டை வச்சு, காத்தை மெதுவா திறந்துதான் விடணும்.

கொஞ்சம் பழகினவங்களுக்கு இன்னொரு விஷயம். அந்த சிலிண்டரோட ரெண்டு டாப்பெட் ஸ்க்ரூவையும் நல்லா லூஸ் பண்ணிட்டா பிஸ்டன் எங்க இருந்தாலும் வால்வு மூடியே இருக்கும். அப்ப பிஸ்டன் உச்சில ஒரு தடவ, அடில ஒரு தடவ காத்து விட்டுப் பாக்கலாம். லைனர் தேயறது பெரும்பாலும் உச்சில, டாப் ரிங் திரும்பற இடத்துல. உச்சில எண்ணெய் மூடி வழியா நிறைய போகுது, அடில ரொம்பக் கம்மியாயிடுதுன்னா லைனர் தேஞ்சிருக்கு. ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி கொட்டுதுன்னா ரிங் உடைஞ்சிருக்கும், இல்ல ஒட்டிக்கிட்டிருக்கும், இல்ல பிஸ்டன்லயே விரிசல். ஹெட்டைத் தொடாமலே இவ்வளவும் தெரிஞ்சுக்கலாம்.

சரி, கேஜ்ல கம்ப்ரஷன் கம்மி, ஆனா காத்து டெஸ்ட்ல எங்கயும் லீக் இல்லன்னா? இது அபூர்வம்தான், ஆனா நம்ம டெல்டா பக்கம் வண்டிங்களுக்கு நடக்கும். வாய்க்கால்ல இறங்கி ஏர் கிளீனர் வழியா தண்ணி குடிச்ச வண்டின்னா ராடு வளைஞ்சிருக்கும். வளைஞ்ச ராடு குட்டையாயிடும், பிஸ்டன் முழுசா மேல வராது, காத்து எங்கயும் போகல ஆனா அமுக்கமே கம்மி. இல்லன்னா கேம் தேஞ்சு இன்லெட் வால்வு சரியா திறக்காம உள்ள காத்தே கம்மியா போயிருக்கும், அது டாப்பெட் மூடியைத் திறந்து வால்வு எவ்வளவு இறங்குதுன்னு பக்கத்து சிலிண்டரோட ஒப்பிட்டாலே தெரிஞ்சுடும். கேஜ் மட்டும் வச்சிருந்தா இதை ரிங்னு நெனச்சிருப்பீங்க, காத்து மட்டும் விட்டிருந்தா எல்லாம் நல்லா இருக்குன்னு விட்டிருப்பீங்க. ரெண்டும் சேந்தாத்தான் இது பிடிபடும், ரெண்டையும் செய்ங்கன்னு நான் சொல்றதுக்கு முக்கியமான காரணமே இதுதான்.

பிரீத்தர்ல (எஞ்சின் கீழ் பாகத்துக் காத்து வெளிய போற குழாய்) புகை அடிக்கறதைப் பாத்து முடிவு பண்றது, அதாவது பேக் கம்ப்ரஷன் பாக்கறது, பழைய வண்டி வாங்கப் போகும்போது பிரயோஜனம். ஓடிட்டிருக்கும்போது எண்ணெய் மூடியைத் தலைகீழா சும்மா வச்சா அது துள்ளி விழுந்தா கீழ் பக்கம் நல்லா இல்லன்னு எடுத்துக்கலாம். ஆனா மூணு சிலிண்டர் காத்தும் ஒரே இடத்துல வந்து சேருது, எதுலேருந்து வருதுன்னு தெரியாது, ஹெட் பக்கம் கோளாறு இருந்தா ஒண்ணுமே காட்டாது. செல்ஃப் இழுக்கிற கரண்டை ஸ்கோப்ல (கரண்ட் ஏறி இறங்கறதை கோடா காட்டற கருவி) பாத்து எந்த சிலிண்டர் வீக்னு சொல்ற முறையும் இருக்கு, அருமையான முறை, நாசில் கழட்டவே வேண்டாம், ஆனா ஸ்கோப் வச்சிருக்கிற ஆள் கார் பக்கம்தான் கிடைப்பாங்க.

அப்ப எதைத் தேர்ந்தெடுக்கறது? சொந்த வண்டி, வீட்ல நிக்குது, சீசனுக்கு இன்னும் நாள் இருக்குன்னா டாப்பெட், வாஷர், நாசில் பைப் டெஸ்ட், நாசில் மாத்திப் போடறது, கேஜ், காத்துன்னு இதே வரிசைல போங்க, ஒவ்வொரு படிலயும் அங்கேயே தீர்ந்துடவும் வாய்ப்பு இருக்கு. காசு ஒரே ஒரு கருவிக்குத்தான் இருக்குன்னா கேஜை விட காத்து அடாப்டர்தான் வாங்குவேன். ஏன்னா எந்த சிலிண்டர்ங்கறது நாசில் பைப்பை லூஸ் பண்ணி இலவசமாவே தெரிஞ்சுடும், கேஜ் அதையேதான் நம்பரா சொல்லும், ஹெட்டா கீழேயாங்கற கேள்விக்குக் காத்துதான் பதில் சொல்லும். பழைய வண்டி வாங்கப் போறீங்கன்னா விக்கிறவர் நாசிலைக் கழட்ட விட மாட்டார், அங்க குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறது, எண்ணெய் மூடி, ரேடியேட்டர் தண்ணி, அப்பறம் ஏர் கிளீனர்லேருந்து எஞ்சினுக்குப் போற ரப்பர் ஹோஸைக் கழட்டி உள்ள விரலை விட்டுத் தேய்க்கறது. விரல்ல மண்ணு நறநறன்னு வந்தா மேல ஒண்ணும் பேச வேண்டாம், அந்த வண்டி புழுதியைக் குடிச்சே ஓடியிருக்கு, ரிங் லைனர் விலையைக் கழிச்சுத்தான் கேக்கணும்.

டெஸ்ட் முடிஞ்சு வேலைக்கு வரும்போதும் இதே மாதிரி தேர்வு இருக்கு. காத்து வால்வு வழியா மட்டும் போகுது, எண்ணெய் மூடில மூணும் சுமாரா ஒரே மாதிரி இருக்குன்னா ஹெட் வேலை மட்டும் போதும். வால்வு, சீட் கிரைண்டிங், கைடு ஆட்டம் பாக்கறது, புது கேஸ்கட். ஹெட்டை இறக்கினதும் நேரா இருக்கான்னு ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வச்சுப் பாக்கச் சொல்லுங்க, விரிசல் சோதனையும் கேளுங்க, குறிப்பா வண்டி ஒரு தடவயாவது சூடாகி நின்னிருந்தா. மெக்கானிக் "மேல டைட் பண்ணா கீழ தாங்காதுண்ணே, எல்லாத்தையும் சேத்துப் பண்ணிடலாம்"னு சொல்லலாம். நல்லா தேஞ்ச எஞ்சின்ல அது நியாயமான பேச்சு, வால்வு நல்லா மூடினதும் ரிங் வழியா போறது முன்ன விட வெளிப்படையா தெரியும். ஆனா காத்து டெஸ்ட்ல கீழ் பக்கம் நல்லா இருக்குன்னு தெரிஞ்ச பிறகு அந்தப் பேச்சுக்கு இடமே இல்ல, நீங்க தைரியமா வேண்டாம்னு சொல்லலாம்.

கீழ் பக்கம்தான் கோளாறுன்னா ரிங் மட்டும் மாத்தறதா, லைனர் பிஸ்டன் செட்டே மாத்தறதாங்கறதுதான் பெரிய கேள்வி, பணமும் அங்கதான் இருக்கு. இதை வாய்ப்பேச்சா முடிவு பண்ணாதீங்க, ஃபீலர் கேஜும் ஒரு புது ரிங்கும் இருந்தா நீங்களே அளக்கலாம். பிஸ்டனை எடுத்த பிறகு ரிங்கை லைனர்ல அடில, ரிங் ஓடாத இடத்துல, பிஸ்டன் தலையால தள்ளி நேரா உக்கார வச்சு கேப்பை அளங்க. அப்பறம் அதே ரிங்கை உச்சிக்குக் கீழ, டாப் ரிங் திரும்பற இடத்துல வச்சு அளங்க. ரெண்டுக்கும் இருக்கிற வித்தியாசத்தை 3.14ஆல வகுத்தா அதுதான் லைனர் விட்டத்துல தேய்மானம். அடில 0.35, உச்சில 0.65னா வித்தியாசம் 0.30, தேய்மானம் 0.1 மிமீக்குள்ள, நல்ல ஹோனிங் (லைனர் உள்பக்கத்தைக் கல்லால தேய்க்கறது) பண்ணி புது ரிங் போட்டு ஓட்டலாம். உச்சில 1.15 வந்தா தேய்மானம் 0.25 மிமீ, அதுல ரிங் மட்டும் போடறது வேஸ்ட், கொஞ்ச நாள்ல பழையபடி புகை. லைனர் உச்சில நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க, விளிம்பு மாதிரி தட்டிச்சுன்னா அதை எடுக்காம புது டாப் ரிங் போட்டா அது அந்த விளிம்புல மோதி உடையும், ரிங் மட்டும் மாத்தின வண்டி ஒரு சீசன்லயே திரும்ப வர்றதுக்கு இது ஒரு காரணம்.

இந்த பெர்கின்ஸ் டிசைன்ல வர்றது டிரை லைனர், தண்ணி நேரா படாத மெல்லிசான குழாய், பிளாக்ல இறுக்கமா பிரஸ் பண்ணி உக்கார வைக்கறது. வெட் லைனர் எஞ்சின் மாதிரி வயக்காட்டுல வச்சே இழுத்துப் போட்டு மாத்தற சமாச்சாரம் கிடையாது, பிரஸ்ஸும் அளவும் தெரிஞ்ச எஞ்சின் போரிங் கடை வேணும். லைனர் மாத்தறதா முடிவு பண்ணா அந்தக் கடையைத் தேர்ந்தெடுக்கறதுல காட்டற கவனம்தான் உங்க காசைக் காப்பாத்தும், கடைசில ஹோனிங் முடிஞ்சதும் போர் கேஜ் வச்சு மூணு உயரத்துல அளந்து எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க.

ஒரே சிலிண்டர் கோளாறுக்கு மூணையும் மாத்தணுமா? ரிங் உடைஞ்சதோ ஒட்டினதோ ஒரு சிலிண்டர்ல மட்டும், மத்த ரெண்டு லைனரும் மேல சொன்ன அளவுல நல்லா இருந்தா, அந்த ஒரு சிலிண்டருக்கு பிஸ்டன் செட்டும் மூணுக்கும் ரிங்கும் போட்டு மூடலாம்ங்கறது என் கருத்து. புது பிஸ்டன் எடை பழசோட ஒத்துப் போகணும், தராசுல வச்சுப் பாக்கச் சொல்லுங்க. ஆனா காரணம் புழுதின்னா அது மூணு சிலிண்டருக்கும்தான் போயிருக்கும், அங்க ஒண்ணு மட்டும் மாத்தறது பணத்தை ரெண்டு தடவ செலவு பண்றது. ஈத்தர் ஸ்ப்ரே அடிச்சு ஸ்டார்ட் பண்ற பழக்கம் இருந்த வண்டின்னா ரிங்கோட பிஸ்டன் பள்ளத்தையும் மூணுலயும் நல்லா பாருங்க, அந்த அடில உடையறது ரிங் மட்டும் கிடையாது.

ஒண்ணும் செய்யாம ஓட்டறதும் ஒரு தேர்வுதான், அதையும் சொல்லிடறேன். மூணும் சமமா கம்மி, ஸ்டார்ட் ஆகுது, எண்ணெய் குடிக்கறது தாங்கற அளவு, ரேடியேட்டர்ல குமிழி இல்லன்னா சீசன் முடியற வரைக்கும் ஓட்டலாம். மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12 திறக்கறாங்கன்னா மே கடைசில எஞ்சினைப் பிரிச்சுப் போட்டுட்டு போரிங் கடை வரிசைல நிக்கிறதை விட அறுவடை முடிஞ்சு பாக்கறது நல்லது. ஆனா ரேடியேட்டர்ல குமிழி, எண்ணெய்ல தண்ணி கலந்து பால் மாதிரி வெளுத்திருக்கறது, எக்ஸாஸ்ட் வால்வுல லீக், இந்த மூணுல ஏதாவது இருந்தா ஒரு நாள்கூட ஓட்டாதீங்க, ஹெட் வேலையா இருக்கிறது பிளாக் வேலையா மாறிடும்.

வேலை முடிஞ்சு வண்டி வந்ததும் புக்ல சொன்னபடி சூட்டுல ஹெட் போல்ட்டை மறுபடி டார்க் ரென்ச் வச்சு இறுக்கச் சொல்லுங்க, அதுக்கப்பறம் டாப்பெட்டை மறுபடி வைக்கணும், ஹெட் இறங்கினா கேப் குறையும். கொஞ்ச மணி நேரம் லோடுல ஓடி ரிங் படிஞ்சதும் இன்னொரு தடவ கேஜ் போட்டு மூணு நம்பரையும் தேதி, ஹவர் மீட்டர் ரீடிங்கோட டூல் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் பெயிண்ட்ல எழுதி வைங்க, அடுத்த தடவ எந்த மெக்கானிக் பாத்தாலும் எதுலேருந்து எவ்வளவு இறங்கியிருக்குன்னு ஒப்பிட்டுப் பாக்க ஒரு நம்பர் இருக்கும்.